முந்தி ஓடும் பிள்ளைக்கு எந்தப் புத்தகம்?

நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “ஒரு வருஷத்துக்கான கணக்குப் புத்தகத்தை நாலே மாசத்தில் முடித்துவிட்டாள். அடுத்த வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்துவிடலாமா?” குரலில் பெருமை பாதி, கலக்கம் பாதி இருக்கும். கொடுக்கலாம், ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் அதையும் நாலு மாசத்தில் முடித்துவிட்டு வந்து நிற்பாள். பார்த்தவுடனே எல்லாம் விளங்கிவிடும் பிள்ளைக்கு வாய்க்காமலே போகும் பழக்கம் ஒன்று உண்டு. விடை தெரியாத ஒரு கேள்வியின் முன்னால் உட்கார்ந்து, கிறுக்கி, அழித்து, மறுபடி தொடங்கும் பழக்கம். பாடப் புத்தகத்தோடு கூடவே ஒரு துணைப் புத்தகம் வாங்குவது அந்தப் பழக்கத்துக்காகத்தான் என்பது என் கட்சி.

ஓர் உதாரணம் சொல்கிறேன். காகிதமும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செவ்வகம். நீளம் 5, அகலம் 3, பரப்பளவு என்ன? வழக்கமான புத்தகம் இப்படிக் கேட்கும். மேல் வகுப்புப் புத்தகம் நீளம் 5.25, அகலம் 3.4 என்று கேட்கும். எண்தான் நீண்டதே தவிர யோசனை அதே இடத்தில் நிற்கிறது. இப்போது வேறு மாதிரி கேட்போம். பக்கங்கள் முழு எண்களாக இருக்க வேண்டும். பரப்பளவும் சுற்றளவும் ஒரே எண்ணாக வர வேண்டும். அப்படி ஒரு செவ்வகம் உண்டா?

பெருக்கல் தெரிந்த ஏழெட்டு வயதுப் பிள்ளை இதில் இறங்கலாம். முதலில் கண்டபடி எண்களைப் போட்டுப் பார்ப்பாள். 4க்கு 4 அகப்படும். பரப்பளவு 16, சுற்றளவும் 16. சதுரத்தைச் செவ்வகம் என்று சொல்லலாமா என்று ஒரு சண்டை வரும். வரட்டும், நல்ல சண்டை. பிறகு 3க்கு 6 கிடைக்கும், இரண்டுமே 18. அதற்கப்புறம் எவ்வளவு தேடினாலும் ஒன்றும் சிக்காது. “இனிமேல் இல்லவே இல்லையா, நமக்குத்தான் கிடைக்கவில்லையா?” இந்தக் கேள்வி வரும்போதுதான் கணிதமே தொடங்குகிறது என்று சொல்வேன். இல்லை என்று உறுதியாகச் சொல்ல இயற்கணிதம் கைகொடுக்கும். அவளாகவே அதைத் தேடி வந்தால், மேல் வகுப்புப் பாடத்தை எதற்காகப் படிக்கிறோம் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ஆகவே புத்தகத்தைப் புரட்டும்போது முதல் பக்கத்தில் மயங்காதீர்கள். ஏதாவது ஓர் அத்தியாயத்தின் கடைசிக் கணக்கை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். முன்னால் செய்துகாட்டிய முறையில் எண்ணை மட்டும் மாற்றினால் விடை வந்துவிட்டதா? அப்படியானால் அது கைப்பழக்கத்துக்கான பயிற்சி ஏடு. அதற்கும் ஒரு தேவை உண்டு, இந்தப் பிள்ளைக்குக் கொஞ்சமாகப் போதும். அடுத்து விடைப் பகுதியைத் திருப்புங்கள். வெறும் எண்களை அடுக்கியிருக்கிறார்களா, வழியையும் விளக்கியிருக்கிறார்களா? ஒரே கணக்குக்கு இரண்டு வழி காட்டும் புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள். நமக்குப் பள்ளிக் கணக்கு பாதி மறந்துபோயிருக்கும்; அந்தப் பக்கங்களில் படிக்கப்போவது முதலில் நாம்தான்.

புதிர்க் கணக்குகளுக்குப் போட்டிகளின் பழைய வினாத்தாள்கள் நல்ல சுரங்கம். கங்காரு கணிதப் போட்டி 1991இல் பிரான்ஸில் தொடங்கியது. பிரான்ஸில் ஏது கங்காரு என்று கேட்காதீர்கள், ஆஸ்திரேலியப் போட்டி ஒன்றைப் பார்த்துத் தொடங்கியதால் வந்த பெயர் அது. கணினிச் சிந்தனைக்கு 2004இல் லிதுவேனியாவில் பிறந்த பீப்ராஸ் போட்டி இருக்கிறது. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை, தர்க்கம் போதும். இரண்டும் இன்று பல நாடுகளில் நடக்கின்றன. போட்டிக்குப் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, கேள்விகள் கிடைத்தால் சரி.

எந்த மட்டத்தில் தொடங்குவது? வயதுக்குரிய தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளைக்கு அதற்கு மேல் எவ்வளவு தெரியும் என்று அந்தத் தேர்வு காட்டாது. 1971இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி என்ற உளவியலாளர், கணிதத்தில் மிக முந்தியிருக்கும் சிறுவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்றைத் தொடங்கினார். கல்லூரியில் சேரப்போகிறவர்கள் எழுதும் சாட் தேர்வை 12, 13 வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தம் வகுப்புத் தேர்வில் ஒரே உச்சியில் நின்ற பிள்ளைகளுக்கு நடுவே எவ்வளவு பெரிய வித்தியாசம் இருக்கிறது என்பது அதில் வெளிப்பட்டது.

வீட்டில் இவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். வாங்கிய புத்தகத்தின் அத்தியாயத் தேர்வுகளைப் பாடம் நடத்தும் முன்பே கொடுத்துப் பாருங்கள். கான் அகாடமி போன்ற தளங்களிலும் அலகுத் தேர்வை முதலிலேயே எழுதலாம். சரியாகச் செய்த பாடத்தைத் தாண்டிவிடுங்கள். பின்னத்தில் இரண்டு வகுப்பு முன்னால் இருப்பவளுக்கு நேர அளவையில் ஓர் ஓட்டை இருப்பது இப்படித்தான் தெரியவரும்.

இன்னொன்று. எந்தப் பிள்ளையும் எல்லாவற்றிலும் ஒரே அளவு முந்தியிருப்பதில்லை. ஏழு வயதில் பத்து வயதுக் கணக்கைப் போடுவாள், கை மட்டும் ஏழு வயதுக் கைதான். மேல் வகுப்பு ஏடுகளில் எழுதும் இடம் குறுகலாக இருக்கும், எழுத வேண்டியதோ அதிகம். “கணக்கே பிடிக்கவில்லை” என்று அவள் தள்ளிவிடுவது பல நேரம் கைவலியால்தான். அவள் சொல்ல நீங்கள் எழுதுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதவிடுங்கள். நல்ல புத்தகத்தை எழுத்து வேலையைக் காரணம் காட்டி ஒதுக்க வேண்டாம்.

வாசிப்பில் இதே சிக்கல் வேறு முகம் காட்டும். எட்டு வயதில் பதினான்கு வயதுக்காரர் நாவலை வாசிக்கத் தெரிகிறது என்பதற்காக, அதிலிருக்கும் துரோகமும் மரணமும் அவளுக்கு ஏற்றவையாகிவிடா. வாசிக்க எவ்வளவு கடினம் என்று காட்டப் புத்தகத்தின் மேல் போடும் லெக்ஸைல் மாதிரி அளவுகளை நம்பி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது வாக்கிய நீளத்தையும் சொற்கள் எவ்வளவு புழக்கத்தில் உள்ளவை என்பதையும் வைத்துக் கணக்கிடுவது. கதை எதைப் பற்றியது என்று அதற்குத் தெரியாது. இந்த வயதில் கனமான வாசிப்புக்கு இயற்கை, வானியல், கண்டுபிடிப்புகள், பயணங்கள் பற்றிய நூல்களையும் பழங்கதைகளையும்தான் நான் முதலில் தேடுவேன்.

அறிவியலுக்கு, எல்லாம் அளந்து வைத்த பெட்டிகளை நான் அதிகம் சிபாரிசு செய்வதில்லை. ஒருமுறை நுரை பொங்கும், அதோடு சரி. ஒரு நூல், ஒரு கல், ஓர் அளவுநாடா, நேரம் பார்க்க ஒரு கடிகாரம் போதும். கல்லை நூலில் கட்டித் தொங்கவிட்டு ஆட்டினால் அதுதான் ஊசல். நூல் ஒரு மீட்டர் நீளம் இருந்தால் ஊசல் ஒருமுறை போய்வரச் சுமார் 2 விநாடி ஆகும். கல்லைக் கனமாக்கினால் என்ன ஆகும்? நூலை நாலில் ஒரு பங்காகக் குறைத்தால்? முதலில் ஊகத்தை எழுதச் சொல்லுங்கள், பிறகு அளக்கட்டும்.

வாங்குவதை விடக் கழிப்பதுதான் பெற்றோருக்குக் கடினம். முதன்மைப் பாடம் முழுவதும் இருக்க, அதன் தலைமேல் இதையும் ஏற்றினால், கெட்டிக்காரியாக இருப்பதற்குக் கிடைத்த தண்டனை என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்வாள். தெரிந்த பாடத்தைச் சுருக்கி, மிச்சமாகும் நேரத்தை ஆழமான வேலைக்குக் கொடுக்கச் சொல்லி ஜோசப் ரென்சுல்லி போன்ற கல்வியாளர்கள் பல பத்தாண்டுகளாக வலியுறுத்துகிறார்கள். இருபது கணக்கு இருக்கும் பக்கத்தில் கடினமான நான்கைப் போடச் சொல்லுங்கள். அவை சரியாக இருந்தால் மற்ற பதினாறும் வேண்டாம். ஒரு பாடத்துக்கு ஒரு துணைப் புத்தகம் போதும்.

முதல் சில வாரங்கள் முரண்டு பிடிப்பாள், எதிர்பாருங்கள். இதுவரை தப்பே வராதவளுக்குத் தப்பு வரும்போது “நான் மக்கு” என்றுகூடச் சொல்வாள். நாளுக்கு ஒரே ஒரு கடினக் கணக்கு கொடுங்கள், முடியாவிட்டால் மறுநாளைக்குத் தள்ளிவைக்கலாம். விடையைச் சொல்லிவிடாதீர்கள், சின்ன எண்ணில் முயன்று பார்க்கச் சொல்லுங்கள். பத்தில் ஏழெட்டு தானாக வந்து, இரண்டு மூன்றில் திணறினால் மட்டம் சரி. பத்திலும் திணறினால் அந்தப் புத்தகத்தை ஆறு மாதம் அலமாரியில் வைத்துவிட்டு வேறு ஒன்றைப் பாருங்கள். பாதியில் நிறுத்திய புத்தகத்துக்காக யாரும் வருந்த வேண்டியதில்லை.

நன்றி, வணக்கம்.