கட்டைவிரல் சொன்னது

(வடசென்னை தண்டையார்பேட்டையில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில், ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அனைவருக்கும் வணக்கம். உடல்மொழியைப் பற்றிப் பேச வேண்டும் என்று நூலகத் தம்பிகள் வந்து கேட்டார்கள். நான் உளவியல் படித்தவள் இல்லை. 32 ஆண்டுகள் வார்டில் நின்றவள். அங்கே நோயாளியின் வாய் சொல்வது பாதி, உடம்பு சொல்வது மீதி. அந்த மீதியைக் கேட்கத் தவறிய ஒரு நாளிலிருந்தே தொடங்குகிறேன்.

காசிமேட்டுக்காரர் ஒருவர், அறுபதைக் கடந்த மீனவர். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பது இங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். தொழில் நாளெல்லாம் வலியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவர்கள் அந்த இரண்டு மாதத்தில்தான் மருத்துவமனைப் படி ஏறுவார்கள். இவரும் அப்படி வந்து குடலிறக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அன்று மாலை, "வலிக்கிறதா ஐயா?" என்று கேட்டேன். "ஒன்றும் இல்லை சிஸ்டர்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். குறிப்பேட்டில் "வலி இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

இரண்டு மணி நேரம் கழித்து அவருடைய மனைவி வந்து என் கையைப் பிடித்தார். "சிஸ்டர், அவர் கால் கட்டைவிரலை வந்து பாருங்கள்" என்றார். போய்ப் பார்த்தேன். போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த இரண்டு பாதங்களிலும் கட்டைவிரல்கள் உள்ளே மடங்கி, நுனி வெளுத்திருந்தன. வலது கை போர்வையின் ஓரத்தைத் திரித்துத் திரித்துக் கயிறாக்கி வைத்திருந்தது. முகத்தில் மட்டும் அதே சிரிப்பு. அடிவயிற்றைத் தொட்டேன்; உப்பி இறுகிக் கிடந்தது. சிறுநீர் கட்டிக்கொண்டிருந்தது. இந்த அறுவைக்குப் பிறகு வயதான ஆண்களுக்கு அப்படி நேர்வதுண்டு என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்திருக்கிறேன். குழாய் போட்டு நீர் இறங்க இறங்க, அந்தக் கட்டைவிரல்கள் தாமாக நிமிர்ந்தன. பெண்பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது என்று கூசிக்கொண்டு அடக்கியிருக்கிறார்.

"உங்களுக்கு எப்படியம்மா தெரிந்தது?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "நாற்பது வருடமாகப் பார்க்கிறேன். சும்மா படுத்திருந்தால் அவர் விரல் விரிந்துதான் இருக்கும்" என்றார்.

உடல்மொழியில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான். ஒருவர் வழக்கமாக எப்படி இருப்பார் என்று தெரிந்தால்தான் இன்றைக்கு மாறியிருப்பது தெரியும். பேச இயலாத முதியவர்களின் வலியை அறிய 2003-இல் அமெரிக்காவில் ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். மூச்சு, முனகல், முகம், உடம்பின் அசைவு, ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். நல்ல கருவி. ஆனால் அந்தப் பெரியவருக்கு முகத்தில் சுழியம்தான் விழுந்திருக்கும். அவரை அளக்க அவருடைய மனைவிதான் வேண்டியிருந்தது.

இப்போது ஆளுமைப் பயிற்சி வகுப்புகளில் ஒரு கணக்குச் சொல்கிறார்கள். நாம் தெரிவிப்பதில் சொல்லுக்கு 7 விழுக்காடு, குரலுக்கு 38, முகத்துக்கும் உடலுக்கும் 55 என்று. கட்டணம் கட்டிப் படிக்கும் நம் பிள்ளைகள் அதை வேதவாக்காக எழுதிக்கொண்டு வருகிறார்கள். 1967-இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் செய்த இரண்டு சிறிய ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் இவை. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் சொல்லி, முகப்படங்களைக் காட்டி, சொல்பவருக்குப் பிடித்திருக்கிறதா பிடிக்கவில்லையா என்று ஊகிக்கச் சொன்னார்கள். விருப்பு வெறுப்பைப் பற்றிய பேச்சுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று அவரே சொல்லியிருக்கிறார். "காலையில் ஒரு மாத்திரை, இரவில் அரை மாத்திரை" என்பதை எந்த முகத்தாலும் சொல்லிவிட முடியாது. சொல்லுக்கு உரிய மரியாதையைச் சொல்லுக்குக் கொடுங்கள்.

நம்முடைய மரபு இதில் மிகவும் நுட்பமானது. தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை, வகுத்து, அதற்கென்று ஓர் இயலே வைத்திருக்கிறது. திருக்குறளில் "குறிப்பறிதல்" என்ற அதிகாரம் இரண்டு முறை வருகிறது. 71-ஆம் அதிகாரம் அரசவைக்கு. 110-ஆம் அதிகாரம் காதலுக்கு. ஏன் இந்த இரண்டு இடம் என்று நான் யோசித்ததுண்டு. அதிகாரத்தின் முன்னாலும் அன்பின் முன்னாலும்தான் மனிதனுக்கு வாய் எழுவதில்லை. அரசு மருத்துவமனையில் டாக்டர் முன்னால் நிற்கும் கூலித் தொழிலாளியைப் பார்த்தவர்களுக்கு அது நன்றாகப் புரியும்.

அந்தத் தொழிலாளி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். வெளிநாட்டு நூல்களைப் பார்த்து எழுதியவர்கள், கையைக் கட்டினால் மறுக்கிறார், மனதை மூடிக்கொள்கிறார் என்பார்கள். நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் "கையைக் கட்டு, வாயைப் பொத்து" என்றுதானே சொல்லிக்கொடுத்தோம்? இங்கே அது பணிவு. இன்னொருவருக்கு அது ஏசி அறையின் குளிராக இருக்கும். அதேபோல, வியாசர்பாடிப் பையன் ஒருவன் நேர்காணலுக்குப் போய்க் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு பதில் சொன்னால், தன்னம்பிக்கை இல்லாதவன் என்று மதிப்பெண் போடுகிறார்கள். பெரியவர்களை முறைத்துப் பார்க்காதே என்று சொல்லி வளர்த்தவர்கள் நாம். அதற்கான விலையை அவன் கொடுக்கிறான். இது எனக்கு ஆறவே ஆறாத வருத்தம்.

அதைவிடக் கொடிய சொல் ஒன்று நம்மிடமே இருக்கிறது: "திருட்டு முழி". கடையில் பணம் குறைந்தால், தெருவில் வண்டி காணாமல் போனால், யார் திருதிருவென்று விழிக்கிறானோ அவன்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். சந்தேகப்பட்ட பத்துப் பேர் சுற்றி நின்றால் எந்தப் பிள்ளைதான் நேராகப் பார்க்கும்? மிரட்சியும் குற்றமும் கண்ணில் ஒரே மாதிரிதான் தெரியும். பொய்யை முகம் பார்த்துக் கண்டுபிடிப்பது பற்றி இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்டார்கள். மனிதர்கள் 100-க்கு 54 முறைதான் சரியாகச் சொல்கிறார்கள். காசைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும். மிச்சம் நான்கை நம்பி ஒரு பிள்ளையின் பெயரைக் கெடுக்கலாமா? காவல் பணியில் இருப்பவர்களும் ஆசிரியர்களும் இங்கே இருந்தால், உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் பேச்சின் சத்தமும் அப்படித்தான் தவறாகப் படிக்கப்படுகிறது. வெளிமாவட்டங்களிலிருந்து பயிற்சிக்கு வரும் பெண்கள், பார்வையாளர் நேரத்தில் நம் மக்கள் கையை வீசிப் பேசுவதைப் பார்த்துவிட்டு, "சண்டை வந்துவிட்டது சிஸ்டர்" என்று ஓடி வருவார்கள். விடியற்காலை மீன் ஏலத்துக்கு அவர்களை ஒரு நாள் அழைத்துப் போனேன். படகு எஞ்சின், ஐஸ் உடைக்கும் சத்தம், கடற்காற்று எல்லாவற்றையும் தாண்டிப் போக வேண்டிய குரல் அது. அந்த இரைச்சலுக்கு நடுவே கூடைக்குப் பக்கத்தில் நின்ற ஓர் அம்மா வாயே திறக்கவில்லை. தாடையை இம்மியளவு தூக்கினார். ஒரு கூடை சங்கரா அவருடையதாகிவிட்டது. அதன் பிறகு அந்தப் பெண்கள் சத்தத்துக்குப் பயப்படவில்லை.

ஒரு செவிலியராக இரண்டு அடையாளங்களைச் சொல்லாமல் இறங்க மனம் வரவில்லை. கைவிரல்களை இறுக மடக்கி, அந்தக் கையை நெஞ்சின் நடுவில் வைத்து "இங்கே அழுத்துகிறது" என்று ஒருவர் காட்டினால், வாயுத்தொல்லை என்று சோடா வாங்கப் போகாதீர்கள். லெவின் என்ற இதய மருத்துவரின் பெயரால் மருத்துவத்தில் குறிப்பிடப்படும் சைகை அது. மாரடைப்பு வந்த எல்லோரும் அப்படிக் காட்டுவதில்லை. காட்டினால் உடனே 108-ஐ அழையுங்கள். முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, முன்னால் குனிந்து, படுக்க மறுத்து உட்கார்ந்திருப்பவருக்கு மூச்சு போதவில்லை. அவரைப் படுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன். 1970-களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். கொஞ்சிக்கொண்டிருந்த தாயைச் சில நிமிடம் முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்ளச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்த்தது, கையை நீட்டிப் பார்த்தது, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தடுப்பூசி வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாயின் தாடையை அவள் குழந்தை தட்டித் தட்டிப் பார்த்ததை நானும் கண்டிருக்கிறேன். அந்தப் பெண்ணைக் கடிந்துகொள்ள வாயெடுத்தேன். நல்லவேளையாக, "என்னம்மா?" என்று மட்டும் கேட்டேன். கணவருக்கு எண்ணூரில் வேலை போய்விட்டதாக அப்போதுதான் செய்தி வந்திருந்தது. குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன்.

பார்த்ததை வைத்து முடிவுக்குப் போகாமல் கேள்விக்குப் போக வேண்டும் என்று சொல்லத்தான் இன்று வந்தேன். நானும் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். மூன்றாவது வரிசையில் பாயில் உட்கார்ந்திருக்கும் பச்சைப் புடவை அம்மா, நான் பேசத் தொடங்கியதிலிருந்து வலது முழங்காலை நான்கு முறை பிடித்துவிட்டீர்கள், இரண்டு முறை வாசலைப் பார்த்தீர்கள். காலில் வலியா அம்மா, இல்லை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா?

வலிதானா. தம்பி, அந்த நாற்காலியைக் கொஞ்சம் இப்படிக் கொண்டு வாருங்கள்.