ஜூன் மாதம் கேட்டைத் திறப்பீர்களா?

வணக்கம் மக்களே. பின்னால் பச்சை கேட் ஒன்று தெரிகிறதா? நான் படித்த பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் திடல் இது. பெயர் சொல்லப் போவதில்லை. கண்டுபிடித்தவர்கள் கமெண்டில் போட வேண்டாம், நான் இன்னும் ஒரு சர்டிபிகேட் வாங்க வேண்டியிருக்கிறது.

மணி காலை ஐந்தே முக்கால். பூட்டைக் கிட்டே காட்டுகிறேன், பாருங்கள். சாவித் துவாரத்தைச் சுற்றி எண்ணெய்க் கறை. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து உப்புக்காற்றுக்கு எண்ணெய் விடாவிட்டால் பூட்டு இறுகிவிடும். ஆக, பூட்டை யாரோ பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறார்கள். கேட் கம்பி வழியாக அந்தப் பக்கம் எட்டிப் பாருங்கள், கோல் போஸ்டுக்கு முன்னால் குளம். உள்ளே தலைப்பிரட்டை நீந்துகிறது.

சரி, இன்று எதற்கு வந்தேன் என்றால், இந்த வளாகத்தில் ஊர் மக்களுக்கும் சேர்த்து ஒரு ஸ்போர்ட்ஸ் ஹப் வரப்போகிறதாம். கால்பந்துத் திடல், உள்ளரங்கம், ஜிம், நடைபாதை. பழைய மாணவர்களிடமும் கருத்து கேட்டிருக்கிறார்கள். படம் அழகாக வரைந்திருக்கிறார்கள், சந்தோஷம்தான். நான் அதில் ஒன்றைத் தேடினேன்: எந்த மாதம், எத்தனை மணிக்கு வெளியாட்கள் உள்ளே வரலாம்? அது எங்கேயும் இல்லை.

ஏன் மாதத்தைக் கேட்கிறேன் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. என் தம்பி தேங்காய்ப்பட்டணத்திலிருந்து விசைப்படகில் போகிறவன். மேற்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடல் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம்! கடலில் கிடக்கிற பையன்கள் வீட்டில் இருப்பது அப்போதுதான். குளச்சலிலிருந்து நீரோடி வரைக்கும் கடற்கரை ஊர்களில் பந்து என்றால் உயிர். 2019-20 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்துக் கோப்பை வென்ற கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியில் இருந்த மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர்தானே.

ஆனால் அதே ஜூனில் பல்கலைக்கழகத்துக்கு லீவு, அப்புறம் அட்மிஷன் களேபரம். கேட் பூட்டு. போதாக்குறைக்குத் தென்மேற்குப் பருவமழை. ஆட ஆள் இருக்கிறபோது வாசல் இல்லை. வாசல் இருந்தாலும் உள்ளே தவளைதான் ஆடுகிறது.

அதனால் கருத்து கேட்டவர்களுக்கு நான் எழுதிக் கொடுக்கப்போகிற கடிதத்தில் முதல் வரி தண்ணீரைப் பற்றியது. ஒரு கணக்கு சொல்கிறேன். முழு அளவு கால்பந்துத் திடல் 105 மீட்டருக்கு 68 மீட்டர். பரப்பு 7,140 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். 50 மில்லிமீட்டர் பெய்தால் 3,57,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி முப்பது வந்து கொட்டிவிட்டுப் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் எங்கே போகும்? நடுவில் மேடாக்கி, இரண்டு பக்கமும் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரித்தால், நடுக்கோட்டிலிருந்து ஓரக்கோடு 34 சென்டிமீட்டர் தாழும். பார்த்தால் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். ஓரத்தில் வாய்க்கால், வாய்க்காலுக்குப் போய்ச் சேர ஒரு குளம். நம்ம மாவட்டத்தில் குளத்துக்கா பஞ்சம்? புல்லுக்குக் கீழே மணலும் சல்லியும் போடாமல் செம்மண்ணை அப்படியே பரப்பி உருளை ஓட்டினால் மறுபடியும் இதே தலைப்பிரட்டைதான்.

செயற்கைப் புல் போட்டால் போதுமே என்பீர்கள். மழைக்குச் சரி, ஆனால் மதிய வெயிலில் அதன்மேல் காலை வைத்துப் பாருங்கள். சில வருடத்தில் மாற்றவும் வேண்டும். அந்தச் செலவைக் காரணம் காட்டி மணிக்கு இவ்வளவு என்று வாடகை போட ஆரம்பித்தால், ஊரில் இருக்கிற தனியார் டர்ஃபோடு இன்னொரு டர்ஃப் சேர்ந்தது, அவ்வளவுதான். சின்னதாக, அணிக்கு ஏழு பேர் ஆடுகிற ஒரு செவன்ஸ் திடலுக்கு மட்டும் போடட்டும் என்பது என் கட்சி.

அடுத்தது, என் சொந்தக் குறை. நான் இங்கே கபடி ஆடினவள். பெண்கள் ஆடுகளம் 12-க்கு 8 மீட்டர்தான், ஆண்களுக்கு 13-க்கு 10. அந்த 12-க்கு 8 இடத்துக்கு நாங்கள் பட்ட பாடு! வகுப்பு முடிந்து களத்துக்கு வந்தால் அங்கே பையன்கள் கிரிக்கெட். அவர்கள் ஒதுங்கினால் லைட் இல்லை. லைட் இருந்த அன்றைக்குக் கடைசி பஸ் போய்விடும். உடை மாற்ற ஒரு அறை இல்லை, பாத்ரூமுக்கு ஹாஸ்டல் வரைக்கும் நடக்க வேண்டும், ஹாஸ்டல் வார்டன் டே ஸ்காலரை உள்ளே விடமாட்டார். மூன்று வருடம் சுடிதாருக்குள் ட்ராக் பேன்ட் போட்டுக்கொண்டு பாடம் கேட்டேன். எனவே படத்தில் ஜிம்மை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், களத்தை ஒட்டிப் பெண்களுக்குக் கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் வேண்டும். மாலை ஐந்து முதல் ஏழு வரை, வாரத்தில் மூன்று நாள் உள்ளரங்கம் பெண்களுக்கு என்று பலகையில் எழுதி மாட்டவும் வேண்டும். வாய்ச்சொல் உதவாது.

வேறு நாட்டில் இதெல்லாம் நடக்கிறதா என்று பார்த்தேன். 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியை ஒட்டி ஸ்காட்லாந்தில் ஊர் ஊராக இப்படி மையங்களை வளர்த்தார்கள். அங்கே ஹப் என்றால் கட்டடம் மட்டும் இல்லை. அந்தப் பகுதி கிளப்புகள் ஒன்றாக உட்கார்ந்து, இருக்கிற பள்ளித் திடலையோ அரங்கத்தையோ பங்கு போட்டு நடத்துவது. எனக்கு அது பிடித்திருந்தது. நம்ம ஊரிலும் கிளப்புக்கா குறைச்சல்? கோயில் கொடைக்கும் கிறிஸ்துமஸுக்கும் டோர்னமென்ட் நடத்துகிற மன்றங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. நம்ம பக்கத்துத் தற்காப்புக் கலையான அடிமுறையின் ஆசான்கள் இருக்கிறார்கள், பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லித்தர ஒரு மண் தரை கிடைத்தால் போதும் அவர்களுக்கு. இவர்களில் ஐந்தாறு பேரை நிர்வாகக் குழுவில் உட்கார வையுங்கள். அதில் ஒருவரிடம் ஒரு சாவி இருக்கட்டும். செக்யூரிட்டி அண்ணன் லீவு போட்டால் கேட்டும் லீவு போடக் கூடாது.

ஒரு சின்ன விஷயம், விட்டுப்போகக் கூடாது: லைட் கம்பம், கூடைப்பந்து வளையம், நட்டு போல்ட் எல்லாம் துத்தநாகப் பூச்சு போட்டதாக வாங்கச் சொல்லுங்கள். அதோ, அந்த வளையத்தைப் பாருங்கள், பாதி துரு, மீதி வளையம்.

இந்தக் கடிதத்தை வெள்ளிக்கிழமை நேரில் கொடுக்கப்போகிறேன். போட்டில் போகிறவர்கள், போகிறவர்களின் அக்கா தங்கச்சிகள், நீங்கள் எந்த மாதம் ஊரில் இருப்பீர்கள், எத்தனை மணிக்கு வர முடியும், எந்த ஊரிலிருந்து என்ன பஸ், அதை மட்டும் கமெண்டில் எழுதுங்கள். பிரிண்ட் எடுத்துக் கடிதத்தோடு பின் அடித்துக் கொடுக்கிறேன். தம்பி ஏற்கெனவே எழுதிவிட்டான்: “ஜூன், ஜூலை. காலை ஆறு மணி. பந்து நான் கொண்டு வருகிறேன்.”

தூறல் ஆரம்பித்துவிட்டது. கேமரா நனைகிறது. எதிர்க்கடையில் சாயா போட்டுவிட்டார்கள், பழம்பொரி வாசனை இங்கே வரைக்கும் வருகிறது, நான் கிளம்புகிறேன்.