கம்பி எங்கே இருக்கிறது?

வணக்கம். வீடு கட்டுகிறவர்கள் பிளானை ஆசையாகப் பார்ப்பார்கள். சமையலறை இங்கே, பூஜையறை அங்கே. கூடவே வரும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கை மட்டும் யாரும் பிரிப்பதில்லை. கம்பி கட்டுகிறவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். எடை எந்த வழியாக மண்ணுக்கு இறங்குகிறது என்பது அந்தத் தாளில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஹயாத் ரீஜன்சி என்ற ஹோட்டல். அதன் பெரிய கூடத்தில் நடைபாலங்களைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். நான்காம் மாடிப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாம் மாடிப் பாலம். இரண்டையும் ஒரே நீளக் கம்பிகள் தாங்குவதாகத்தான் முதலில் வரைந்தார்கள். அவ்வளவு நீளத்துக்கு மரை போட்டு மாட்டுவது தொல்லை அல்லவா? அதனால் இரும்பு வேலை செய்த பட்டறையின் வரைபடத்தில் ஒவ்வொரு கம்பியும் இரண்டாகியது. மேல்கம்பி கூரையிலிருந்து நான்காம் மாடிப் பாலம் வரை. கீழ்கம்பி அந்தப் பாலத்திலிருந்து இரண்டாம் மாடிப் பாலம் வரை.

தாளில் பார்த்தால் சின்ன மாற்றம். ஒரு கயிற்றில் இரண்டு பேர் மேலும் கீழுமாகத் தொங்குகிறார்கள் என்று வையுங்கள். அவரவர் எடை அவரவர் கையில். கீழே இருப்பவர் கயிற்றை விட்டு மேலே இருப்பவரின் காலைப் பிடித்துக்கொண்டால்? கயிற்றுக்கு அதே எடைதான். மேலே இருப்பவர் கைக்கு இரண்டு ஆள் எடை. நான்காம் மாடி விட்டத்தின் அடியில் இருந்த நட்டுக்கு நேர்ந்தது அதுதான். 1981 ஜூலை 17 மாலை, கூடத்தில் நடனம், நல்ல கூட்டம். பாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். முதல் வரைபடமும் ஒன்றும் யோக்கியமில்லை. அதில் இருந்த இணைப்பு, கட்டட விதி கேட்ட பலத்தில் சுமார் 60 சதவீதம்தான் தாங்கியிருக்கும் என்று விசாரணையில் தெரிந்தது.

சரி, நம் வீட்டு பால்கனிக்கு வருவோம். அது சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்பதால் எடை ஏறினால் மேல்பக்கம்தான் இழுபடும். அதனால் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் சட்டியோடு நடப்பவர்கள் மிதித்து மிதித்து அதைக் கீழே இறக்கிவிடுவார்கள். அதற்காகவே வளைத்த கம்பியில் ‘சேர்’ கட்டி முட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு சைட்டில் குனிந்து பார்த்தேன், ஒரு சேர்கூட இல்லை. “8 எம்எம், 150 இடைவெளி, எல்லாம் சரியா இருக்கே சார்,” என்றார் மேஸ்திரி. இருந்தது, கீழே அடித்த பலகையோடு ஒட்டிக்கொண்டு. தூக்கிக் கட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை மிக்சர் சும்மா நின்றது, வீட்டுக்காரர் என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.