வயிற்று வலிக்காரரிடம் மச்சக் கதை

நேயர்களுக்கு வணக்கம். வலது விலாவுக்குக் கீழே வலி, சாப்பிட்டால் குமட்டல் என்றதும், "பித்தப்பையில் கல்லா இருக்கும்" என்று வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அதுதான். ஆனாலும் அறுவை மருத்துவனான நான் கூடவே ஒன்று கேட்பேன்: "எப்போதாவது உடம்பிலிருந்து மச்சம், கறுப்புக் கட்டி ஏதாவது எடுத்திருக்கிறீர்களா?" வயிற்று வலிக்கு வந்தவரிடம் மச்சத்தைப் பற்றி என்ன பேச்சு என்று முறைப்பவர்களும் உண்டு.

கேட்பதற்குக் காரணம் மெலனோமா. தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றுநோய்; பார்க்க மச்சம் போலவே இருக்கலாம். வேறிடத்துப் புற்று பித்தப்பைக்குப் பரவுவதே அபூர்வம். அப்படிப் பரவினால், மேல்நாட்டுக் கணக்குப்படி பாதிக்கு மேல் மெலனோமாதான். மச்சத்தை எடுத்து வருஷக்கணக்கில் ஆனபிறகும் வரலாம்.

வெள்ளைத் தோல்காரர்களுக்கு இது வெயில் படும் இடத்தில் அதிகம். நமக்கோ உள்ளங்காலிலும் நகத்தடியிலும். பாப் மார்லியைத் தெரியும்தானே, ஜமைக்காவின் பாடகர்? 1977இல் அவர் கால் பெருவிரல் நகத்தடியில் இது இருந்தது. பந்து விளையாடியபோது பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்தார்கள். விரலை எடுக்கச் சொன்னார்கள், அவர் சம்மதிக்கவில்லை. நகத்தையும் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்தார்கள். 1981இல், 36 வயதில், மூளைவரை பரவி இறந்தார். நான் மார்லியை இழுப்பது பித்தப்பைக்காக இல்லை, அந்த விரலுக்காக. குளிக்கும்போது உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். ஆறாத புண், பரவுகிற கறுப்பு இருந்தால் காட்டுங்கள். எடுத்த கட்டியின் பரிசோதனைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

சரி, பித்தப்பைக்கு வருவோம். ஸ்கேனில் நோயாளியைப் புரளச் சொன்னால் கல் பெரும்பாலும் உருளும். பரவி வந்த மெலனோமாக் கட்டி பித்தப்பைச் சுவரோடு ஒட்டி அசையாமல் நிற்கும். உடனே கத்தி எடுப்பதில்லை. புற்று வேறெங்கே இருக்கிறது என்று பார்க்க உடம்பு முழுக்க பெட் ஸ்கேன், மூளைக்கு எம்.ஆர்.ஐ. வேறெங்கும் இல்லை என்றால் பித்தப்பையை முழுசாக எடுப்பது பலன் தரும். பல இடத்தில் இருந்தாலும், வலியோ அடைப்போ தாங்க முடியாவிட்டால் எடுப்போம். பை கிழிந்து பித்தம் சிந்தினால் செல்கள் வயிற்றுக்குள் விதைபட்டுவிடும். அதனால் சிறு துளை வழியே லேப்ராஸ்கோப்பி செய்தாலும் உறைக்குள் போட்டுத்தான் வெளியே எடுப்போம். வயிற்றைத் திறந்து செய்வதே மேல் என்பவர்களும் இருக்கிறார்கள். முன்கூட்டித் தெரிந்தால்தானே இதையெல்லாம் யோசிக்க முடியும்? அதற்குத்தான் அந்த மச்சக் கேள்வி.

மருந்துகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். நேரம் முடிந்தது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒரே வரி: 2015இல் ஈரலுக்கும் மூளைக்கும் மெலனோமா பரவியிருந்த அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர், அறுவை, கதிர்வீச்சு, பெம்ப்ரோலிசுமாப் என்ற எதிர்ப்புசக்தி மருந்து மூன்றும் பெற்று 100 வயதுவரை இருந்தார். எல்லோருக்கும் அப்படிக் கேட்பதில்லை, பலருக்குக் கேட்கிறது. நன்றி, வணக்கம்.