பூங்காவில் அலுவலகம் வைத்திருந்த அரசு எழுத்தர்: பேஸ்பாலை மாற்றிய ஜார்ஜ் ரைட்

[திரையில்: பழைய வாஷிங்டன் நகரின் வரைபடம்]

1867ஆம் ஆண்டு. வாஷிங்டன் நகரத்தின் நேஷனல்ஸ் பேஸ்பால் அணியில் ஜார்ஜ் ரைட் என்ற இருபது வயது இளைஞர் ஆடுகிறார். அணிப் பட்டியலில் அவருடைய தொழில், அரசு எழுத்தர். அலுவலக முகவரி, 238, பென்சில்வேனியா அவென்யூ. அந்த முகவரியில் அலுவலகமே கிடையாது, அது பொதுப் பூங்கா!

அன்றைய பேஸ்பால் சங்கத்தின் விதிப்படி, ஆடுவதற்குப் பணம் வாங்கக் கூடாது. ஆனால் நல்ல ஆட்டக்காரர் சும்மா வருவாரா? காகிதத்தில் ஒரு வேலையைக் காட்டிவிட்டுக் கையில் காசைக் கொடுத்தார்கள். ஊரறிந்த ரகசியம் இது. 1869இல் சங்கமே இறங்கிவந்து, சம்பளம் வாங்கலாம் என்று அனுமதித்தது.

வணக்கம் நண்பர்களே. கிரிக்கெட் பிடிக்கும் எல்லோரும் கடைசிவரை பாருங்கள், ஏனென்றால் இவர் கிரிக்கெட் வீட்டுப் பிள்ளை. தந்தை சாமுவேல், இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து நியூயார்க் வந்து, செயின்ட் ஜார்ஜ் கிரிக்கெட் கிளப்பில் சம்பளத்துக்கு ஆடியவர். அண்ணன் ஹாரி ஷெஃபீல்டில் பிறந்தார், ஜார்ஜ் 1847இல் நியூயார்க்கில் பிறந்தார். ஹாரியைச் சின்சினாட்டி நகரம் அழைத்ததும் கிரிக்கெட்டுக்காகத்தான். போன இடத்தில் அவர் பேஸ்பால் அணியைக் கட்டினார்.

1869இல் அந்தச் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ், எல்லா ஆட்டக்காரர்களுக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் அணியானது. ஜார்ஜுக்கு 1,400 டாலர். அணியை நடத்திய அண்ணனுக்கு 1,200 தான்! தம்பிக்குத் தன்னைவிடக் கூடுதலாகக் கொடுத்த அந்த அண்ணனை எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த ஆண்டு 57 ஆட்டங்கள், ஒரு தோல்விகூட இல்லை. ஜார்ஜ் அடித்த ஹோம் ரன், அதாவது ஒரே அடியில் முழுச் சுற்றும் ஓடி முடிக்கும் ரன், 49.

சரி, நான் இந்த வீடியோவை எடுத்ததே இனி வரும் ஆட்டத்துக்காகத்தான்.

[திரையில்: பேஸ்பால் மைதானத்தின் படம், ஷார்ட்ஸ்டாப் நிற்கும் இடத்தில் வட்டம்]

1870 ஜூன் 14, புரூக்ளின். எதிரணி அட்லாண்டிக்ஸ். வழக்கமான ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் 5–5. டிரா என்று வீட்டுக்குப் போகலாம் என்கிறது அட்லாண்டிக்ஸ். முடியாது, ஆடியே தீர வேண்டும் என்கிறார் ஹாரி.

பத்தாவது இன்னிங்ஸ். அட்லாண்டிக்ஸ் பேட்டிங், ஒருவர் அவுட். ரன் எடுக்க ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய இடங்கள்தான் பேஸ். முதல் பேஸிலும் இரண்டாவது பேஸிலும் ஆட்கள். பந்து எளிதான கேட்சாக மேலே எழுந்து, இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு இடையில் காவல் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பிடம் வருகிறது. அங்கே நிற்பவர் ஜார்ஜ். கையுறை கிடையாது, அன்று எல்லோருக்கும் வெறும் கைதான். ஓட்டக்காரர்கள் பேஸை விட்டு நகரவில்லை. கேட்ச் பிடித்த பிறகு பேஸுக்கு வெளியே நின்றால் அவர்களும் அவுட் ஆகிவிடலாம் அல்லவா? ஜார்ஜ் இரண்டு கைகளையும் குவிக்கிறார், பந்து வருகிறது, தரையில் விட்டுவிடுகிறார். வேண்டுமென்றே!

இப்போது பேட்ஸ்மேன் அவுட் இல்லை. அவர் முதல் பேஸுக்கு ஓடியாக வேண்டும். அதனால் அங்கே இருப்பவர் இரண்டாவதுக்கும், இரண்டாவதில் இருப்பவர் மூன்றாவதுக்கும் ஓடியே ஆக வேண்டும். அசையாமல் நின்றவர்களுக்கு ஏது நேரம்? ஜார்ஜ் பந்தை அள்ளி மூன்றாவது பேஸுக்கு எறிகிறார், ஓடுபவருக்கு முன்பே பந்து போய்விட, ஒருவர் அவுட். அங்கிருந்து இரண்டாவது பேஸுக்குப் பறக்கிறது, இன்னொருவரும் அவுட். மொத்தம் மூன்று அவுட், இன்னிங்ஸ் முடிந்தது. கேட்சைப் பிடித்திருந்தால் ஒரு அவுட், விட்டதால் இரண்டு!

இதை ஏமாற்று என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விதியை அவரைவிட நன்றாகப் படித்தவர் அந்த மைதானத்தில் இல்லை, அவ்வளவுதான். பந்தைத் தன் காலடியிலேயே சாகவிடுவதற்கு எப்படிப்பட்ட கை வேண்டும்! அது சிறுவயது கிரிக்கெட் கொடுத்த கை என்பது என் கணிப்பு. இந்தத் தந்திரத்தைத் தடுக்க 1890களில் தனி விதியே வந்தது. இன்று இப்படிக் கேட்ச் எழுந்தால், பந்து கைக்கு வரும் முன்பே நடுவர் பேட்ஸ்மேனை அவுட் என்று அறிவித்துவிடுவார்.

ஆட்டம் இன்னும் முடியவில்லை. பதினோராவது இன்னிங்ஸில் சின்சினாட்டி இரண்டு ரன் எடுத்து 7–5. பதிலுக்கு அட்லாண்டிக்ஸ் ஒரு ரன் எடுத்துவிட்ட நிலையில் பேட்டோடு வருகிறார் பாப் ஃபெர்குசன். வலது கைக்காரர். வழக்கம்போல அடித்தால் பந்து ஜார்ஜ் பக்கம் போகும். என்ன செய்தார் தெரியுமா? இடது கை ஆட்டக்காரராகத் திரும்பி நின்றார்! எதிரணியின் ஒரே ஒரு ஃபீல்டருக்குப் பயந்து கை மாறிய பேட்ஸ்மேன். இதைவிடப் பெரிய பாராட்டுப் பத்திரம் ஒரு ஃபீல்டருக்கு உண்டா? கமெண்டில் சொல்லுங்கள். ஃபெர்குசனின் கணக்கு பலித்தது. அடி விழுந்தது, 7–7. அடுத்து ஒரு தவறான எறிதலில் அவரே ஓடிவந்து வெற்றி ரன்னையும் எடுத்தார். 8–7. தோல்வியையே காணாமல் வந்த சின்சினாட்டியின் பயணம் அங்கே முடிந்தது.

பிறகு அண்ணன் தம்பி இருவரும் பாஸ்டனுக்குப் போய், 1872 முதல் 1875 வரை தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்றார்கள். நடுவில் 1874இல் பேஸ்பாலைக் காட்ட இங்கிலாந்து போனபோது, கிரிக்கெட்டும் ஆடினார்கள். அமெரிக்கர்கள் 18 பேரும் அதற்கு மேலும் இறங்க அனுமதி இருந்தது உண்மைதான். ஆனாலும் லார்ட்ஸ் உட்பட எங்கும் தோற்கவில்லை!

1879இல் ஜார்ஜ் பிராவிடன்ஸ் அணிக்குத் தலைமை ஏற்று, அண்ணனின் பாஸ்டனை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிப் பட்டம் வென்றார். விளையாட்டுப் பொருள் வியாபாரத்திலும் நன்றாகச் சம்பாதித்தார். மகன் பீல்ஸ், 1905இல் அமெரிக்க டென்னிஸ் சாம்பியன். ஜார்ஜ் 90 வயதுவரை வாழ்ந்து 1937இல் காலமானார். அதே ஆண்டில், பேஸ்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார்.

அண்ணன் ஹாரிக்கு அந்த இடம் கிடைத்தது 1953இல். தொழில்முறை பேஸ்பாலைக் கட்டி எழுப்பியவருக்கு, தம்பிக்குப் பிறகு பதினாறு ஆண்டுகள் தாமதம். இது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை. ஹாரியின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தால் கீழே எழுதுங்கள், அடுத்த வாரமே தொடங்கிவிடலாம்.