"டாக்டர், இது வெளியே தெரியுமா?"

நேயர்களுக்கு வணக்கம். கோலாலம்பூரில் தொற்றுநோய் மருத்துவராகப் பணியாற்றுகிறேன். டெங்கி, காசநோய் எல்லாம் எங்கள் அன்றாட வேலை. ஆனால் நம்மவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பது பாலியல் நோய்களைப் பற்றித்தான். "மருந்து இருக்கிறதா" என்பதற்கு முன்பே "இது வெளியே தெரியுமா" என்று கேட்பார்கள். அந்தப் பயத்தால் தள்ளிப்போடுகிற மாதங்கள்தான் என்னைக் கவலைப்பட வைக்கின்றன.

மலேசியாவில் முதல் எச்.ஐ.வி தொற்று 1986-ல் கண்டறியப்பட்டது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதிதாகத் தொற்றியவர்களில் பெரும்பாலோர் போதைப்பொருளை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள். ஒரே ஊசி பல கைகள் மாறியது. பிடித்து அடைத்துப் பார்த்தும் தொற்று நிற்கவில்லை. 2005-ல் அரசு, ஹெராயினுக்குப் பதிலாக மெத்தடோன் என்ற மருந்தைக் கொடுக்கும் சிகிச்சையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே சுத்தமான ஊசி கொடுக்கும் திட்டமும் வந்தது. போதைப் பழக்கம் உள்ளவனுக்கு ஊசி கொடுப்பதா என்று பலர் கொதித்தார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. போதையால் சிதைந்த வீடுகள் நம் சமூகத்திலும் உண்டு. ஆனால் சுத்தமான ஊசி கிடைத்தால் ஒரே ஊசி கை மாற வேண்டியதில்லை. மெத்தடோனோ வாயால் குடிக்கிற மருந்து. தினமும் குடித்தால் ஹெராயின் கிடைக்காதபோது வரும் வலியும் நடுக்கமும் அடங்கும். ஆள் வேலைக்குப் போகலாம். ஊசி வழித் தொற்று வெகுவாகக் குறைந்தது. இன்று புதிய தொற்றுகளில் பெரும்பகுதி உடலுறவு வழியாக வருகிறது.

அந்தத் திட்டங்களுக்காக உறுதியாகக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் பேராசிரியர் அடீபா கமாருல்சமான். 1997-ல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தொற்றுநோய்ப் பிரிவைத் தொடங்கியவர். பின்னாளில் அனைத்துலக எய்ட்ஸ் சங்கத்துக்குத் தலைவரான முதல் ஆசியர். கட்டிலருகே நோயாளியைப் பார்க்கும் மருத்துவர், கொள்கை பேசுகிற இடத்திலும் வாய் திறக்க வேண்டும் என்று அவரைப் பார்த்துத்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

சரி, பரிசோதனை அறைக்கு வருவோம். யாரோடு உறவு, ஆணுறை பயன்படுத்தினீர்களா என்று நேராகக் கேட்போம். நல்லவரா கெட்டவரா என்று எடைபோட அல்ல; எங்கே, என்ன சோதிப்பது என்று முடிவு செய்யத்தான். எச்.ஐ.வி இருந்தாலும், ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. இதை முதல் நாளே சொல்லிவிடுவேன். அதைக் கேட்டுத் தேம்பி அழுதவர்கள் இருக்கிறார்கள்.

சிபிலிஸ் என்ற பாலியல் நோய் வேறு மாதிரி. முதலில் வலியில்லாத ஒரு புண். தானே ஆறிவிடும், கிருமி மட்டும் உள்ளேயே இருக்கும். கர்ப்பிணிக்கு இருந்தால் வயிற்றிலுள்ள குழந்தைக்கும் போகும். அதனால்தான் அரசு கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி, சிபிலிஸ் இரண்டுக்கும் இரத்தம் சோதிக்கிறோம். தாயிடமிருந்து சேய்க்கு இவை பரவுவதை ஒழித்த நாடு என்று 2018-ல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று அளித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் நாம்தான் முதல். கிளினிக் தாதியரின் பல ஆண்டு உழைப்பு அது.

அப்புறம் ஒரு விஷயம். சிபிலிஸ் உள்ள மனைவிக்குப் பெனிசிலின் ஊசி போட்டு அனுப்பினால் மட்டும் போதாது. கணவருக்கும் தொற்று இருந்து, அவர் சிகிச்சை எடுக்காவிட்டால், அவளுக்கு மறுபடியும் வரலாம். "எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே" என்பார் கணவர். ஐயா, வெளியே ஒன்றும் தெரியாமலும் இருக்கும். கிளினிக்கிலிருந்து கூப்பிட்டால் மறுக்காமல் வாருங்கள். ஓர் இரத்தப் பரிசோதனைதான்.