டீசல் டர்போவைப் பெற்றோல் என்ஜினில் பூட்டலாமா?

அடுத்த கேள்வியை சாவகச்சேரியில் இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். அவரிடம் 110 கொரோலா இருக்கிறது, 5ஏ பெற்றோல் என்ஜின், 1500 சிசி. கராஜ் ஒன்றில் பழைய டீசல் பஜெரோவின் டர்போ, அதாவது புகையின் வேகத்தில் சுற்றி என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சாமான், மலிவாகக் கிடைக்கிறதாம். வாங்கிப் பூட்டலாமா, எப்படிப் பார்த்து எடுப்பது என்று கேட்கிறார்.

தம்பி, விலையைக் கேட்க முதல், அந்த டர்போவை ஏன் கழற்றினார்கள் என்று கேளுங்கள். அடிபட்ட வாகனத்தில் கழற்றியது என்றால் நல்ல சாமான். அடிபடும் வரைக்கும் அது வேலை செய்துகொண்டுதானே இருந்தது. என்ஜின் இறுகிப்போய் உடைத்த வாகனம் என்றால் தொடவே வேண்டாம். டர்போ பேரிங்குக்கும் அதே என்ஜின் ஒயில்தான். ஒயில் இல்லாமல் என்ஜின் போனால், டர்போவும் அதோடு சேர்ந்து போயிருக்கும்.

அளவைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. பஜெரோவின் 4டி56 டீசல் 2.5 லீற்றர், 4000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 5000 லீற்றர் அளவில் காற்று இழுக்கும். உங்கள் 1.5 லீற்றர் 6500இல் இழுப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பிரச்சினை சூட்டில் இருக்கிறது. டீசலின் புகை 700, 750 பாகை செல்சியஸ் வரும். பெற்றோல் என்ஜினை முழுதாக மிதித்தால் 900 தாண்டும். டீசல் டர்போவின் உலோகம் அதற்கென்று செய்ததில்லை. அதனால் பூஸ்ட்டை, அதாவது டர்போ ஏற்றும் காற்றழுத்தத்தை, 0.4 பாருக்குள் வைத்திருங்கள், சூட்டைத் தணிக்க உள்ளே தண்ணீர் ஓடும் வகை கிடைத்தால் அதையே எடுங்கள். டொயோட்டா கேடிஎச் வானின் 1கேடி டீசல் டர்போவை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அதற்குள் அசையும் இதழ்கள் இருக்கின்றன, பெற்றோல் சூட்டில் அவை இறுகிவிடும்.

சரி, கையில் எடுத்துப் பார்ப்போம். காற்று இழுக்கும் பக்கத்தில் சாஃப்டின் நுனியை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். அசைவு கைக்குத் தெரியவே கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும், அது இயல்பு. ஓடும்போது ஒயில் படலம்தான் சாஃப்டைத் தாங்குகிறது. ஆனால் ஒரு பக்கம் அழுத்திக்கொண்டு சுற்றும்போது இதழ் சுவரில் உரசக் கூடாது. போன் டோர்ச்சை உள்ளே அடியுங்கள். சுவரில் பளபளவென்று ஒரு வளையக் கோடு தெரிந்தால் ஏற்கனவே உரசியிருக்கிறது. இதழ் நுனியில் சின்ன வெட்டு இருந்தாலும் விட்டுவிடுங்கள். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகிற சாமான் அது.

புகைப் பக்கம் காய்ந்து சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். ஈரமாகக் கறுத்திருந்தால் சீல் போய்விட்டது. மிஞ்சிய புகையைத் திருப்பி விடும் வேஸ்ட்கேட் ஓட்டையைச் சுற்றி மயிரிழை வெடிப்பு பல டர்போக்களில் இருக்கும், வெளிச்சுவர் வரை ஓடாவிட்டால் சமாளிக்கலாம். ஒயில் போகும் துவாரத்துக்குள் கறுப்புக் கரி கட்டியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், சாஃப்டும் பேரிங்கும் உள்ள நடுப்பகுதியை, கார்ட்ரிட்ஜை, மாற்ற வேண்டி வரும். நடு நட்டைக் கழற்றிப் பார்க்கிறேன் என்று மட்டும் வெளிக்கிட வேண்டாம், பாலன்ஸ் குழம்பிவிடும்.

மண்ணெண்ணெயில் பழைய ஒஸ்டின் ஏ40 கார் ஓட்டிய ஊர் இது. இல்லாததை வைத்துச் செய்யும் கை எங்களுக்கு இருக்கிறது, எனக்கு அதில் பெருமைதான். ஆனாலும் ஒயில் குழாயில் மிச்சம் பிடிக்காதீர்கள். உள்ளே போகும் குழாய் புதிதாக இருக்கட்டும். திரும்பி வரும் குழாய் தடிப்பாக, நேரே கீழே சரிந்து, என்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் ஒயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். அது வளைந்து தேங்கினால் நல்ல டர்போவும் புகை கக்கும். அந்த ஃபிளாஞ்சுக்கு சிலிக்கன் பூச வேண்டாம். பிதுங்கி ஓட்டையை அடைக்கும், கேஸ்கெட் போடுங்கள். ஸ்டார்ட் பண்ண முதல் டர்போவுக்குள் ஒயில் ஊற்றிக் கையால் சுற்றிவிடுங்கள்.

பிறகு எரிபொருள். 5ஏ கொம்ப்ரஷன் கூடிய என்ஜின், காற்றை இறுக்கி அழுத்தும். டர்போவோடு 92 ஒக்டேன் ஊற்றினால் நொக் பண்ணும், பெற்றோல் தாறுமாறாக வெடித்துத் தட்டும். 95 ஊற்றுங்கள். பூஸ்ட் ஏறும்போது பெற்றோலும் கூட வேண்டும், தீப்பொறி அடிக்கும் டைமிங் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும். அதற்கு இன்ஜெக்டர், ட்யூனிங் எல்லாம் செலவு. இவற்றை ஒரு தாளில் எழுதி டர்போ விலையோடு கூட்டிப் பாருங்கள். கைக்கு மீறினால் ஸ்டார்லெட்டின் 4ஈ டர்போ என்ஜினை முழுதாக கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் விசாரியுங்கள். 1.3 லீற்றர்தான், ஆனால் கம்பனியே டர்போவுக்கென்று கொம்ப்ரஷனைக் குறைத்துச் செய்தது. அதைப் போட்டால் வாகனப் பதிவுப் புத்தகத்தில் என்ஜின் நம்பரையும் மாற்ற வேண்டும், அதற்குரிய பத்திரங்களைக் கடைக்காரரிடம் அப்போதே கேட்டு வாங்குங்கள்.